லான்சர் சிஎஸ்3: ஆயில் ஒழுகுது, காலையில புகை. சிங்கப்பூர்ல எச்டிபி (அரசு அடுக்குமாடி) வீட்டுல இருந்துக்கிட்டு நாமளே செய்ய முடியுமா?

செம்பவாங்_சிஎஸ்3
வணக்கம் மக்களே. மாமாவோட மிட்சுபிஷி லான்சர் 1.6 மேனுவல் (சிஎஸ்3 மாடல்) இப்ப என் கைக்கு வந்திருக்கு, முதல் பத்து வருஷம் முடிஞ்சு சிஓஇ (கார் வச்சுக்க எடுக்கற உரிமச் சான்று) இன்னொரு பத்து எடுத்து அதுவும் முடியப் போகுது, இன்னும் ஒண்ணரை வருஷம் சொச்சம்தான் பாக்கி. எனக்கு ரொம்ப நாளா ஒரு காரை முழுசா கழட்டி மாட்டிப் பாக்கணும்னு ஆசை, இத விட்டா வேற கார் அமையாது, புது கார்ல கை வைக்க தைரியமும் இல்ல காசும் இல்ல. இப்ப இருக்கற பிரச்சனை: டாப்பட் கவர் (எஞ்சின் மேல் மூடி) ஓரமா ஆயில் ஒழுகி எக்ஸாஸ்ட் மேல சொட்டி நாத்தம் அடிக்குது, காலையில ஸ்டார்ட் பண்ணா ஒரு பொட்டலம் நீலப்புகை வந்து அப்புறம் நின்னுடுது, முன்னாடி இடது பக்கம் பிரேக் போட்டா கீச்சுனு சத்தம், பம்ப்ல ஏறி எறங்குனா அடியில கடக் முடக். இதெல்லாம் முடிச்சிட்டு எக்ஸாஸ்ட் மாத்தணும், ரிம் மாத்தணும், கொஞ்சம் எறக்கணும்னு ஒரு லிஸ்ட்டே வச்சிருக்கேன். டூல் ஓரளவு இருக்கு. இடம்தான் இல்ல, வீடு எச்டிபி, மல்டி ஸ்டோரி கார்பார்க். யாராச்சும் இங்க சொந்தமா செய்யறீங்களா? எதுலேர்ந்து ஆரம்பிக்கறது?

ஜேபி_வாரம்
எதுக்கு ப்ரோ இந்த தலைவலி. சனிக்கிழமை காலையில காஸ்வே தாண்டி ஜேபி (ஜொகூர் பாரு) போ, தெரிஞ்ச ஒர்க்‌ஷாப்ல விட்டுட்டு சாப்பிட்டுட்டு வா, சாயங்காலம் வண்டி ரெடி. இங்க கூலி குடுக்கற காசுல அங்க சாமானும் சேத்து முடிஞ்சிடும்லா.

மீனா_ஸ்விஃப்ட்
அவர் கேட்டது யார் கம்மியா செஞ்சு குடுப்பாங்கன்னு இல்லயே, தானே செய்யணும்னு சொல்றாரு. ஜேபி தப்புன்னு சொல்லல, நானும் டயர் அங்கதான் போடுவேன். ஆனா போற ஆள் இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டுப் போகணும். டேங்க் முக்கால்வாசி இல்லாம செக்பாயிண்ட் தாண்டக் கூடாது. 2025 ஜூலை 1லேர்ந்து விஇபி (மலேசியாவுக்குள்ள நம்ம வண்டி நுழையற அனுமதி) இல்லாம போனா 300 ரிங்கிட் அபராதம். சாமான் வாங்கிட்டு 48 மணி நேரத்துக்குள்ள திரும்பினா 100 வெள்ளிக்கு மேல போற மதிப்புக்கு ஜிஎஸ்டி கட்டணும். எல்லாம் கூட்டிப் பாத்தா சின்ன வேலைக்கு அவ்வளவு தூரம் போறது கட்டாது.

செம்பவாங் தம்பி, எச்டிபி கார்பார்க்ல ரிப்பேர் பண்ணக் கூடாது, இது முதல் விஷயம். வண்டி நின்னு போச்சு, பேட்டரி மாத்தணும், பஞ்சர் டயர் மாத்தணும், அது வேற. ஜாக் போட்டு ஆயில் எறக்குறதெல்லாம் வேணாம், யாராவது படம் எடுத்து அனுப்பிடுவாங்க. ஒரு சொட்டு ஆயில் கூட கால்வாய்ல போகக் கூடாது, நம்ம தீவுல மூணுல ரெண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதி, கால்வாய்ல ஓடறது ரிசர்வாயருக்குப் போய் நம்ம குழாய்லயே திரும்பி வரும். நான் சித்தி வீட்டு போர்ச்ல செய்யறேன், சிராங்கூன் கார்டன்ஸ் பக்கம் டெரஸ் வீடு. சொந்தத்துல யாராவது லேண்டட்ல இருந்தா தீபாவளி பலகாரத்தோட போய்ப் பேசிப் பாருங்க. இல்லேன்னா சின்ன ஒர்க்‌ஷாப்ல சில பேர் ஞாயித்துக்கிழமை ஒரு பே வாடகைக்கு விடுவாங்க, கேட்டாதான் சொல்லுவாங்க.

இன்னொண்ணு, வெறும் ஜாக்க நம்பி அடியில படுக்கவே கூடாது. ஸ்டாண்டு ரெண்டு பக்கமும், பின் சக்கரத்துக்கு முட்டு. தார் தரையில ஸ்டாண்டு போட்டா மத்தியான வெயில்ல கால் அப்படியே தாருக்குள்ள எறங்கும், கீழ கனமான பிளைவுட் பலகை வைங்க.

பழைய_இரும்பு
தம்பி, நான் சின் மிங் பக்கம் ஒர்க்‌ஷாப்ல இருந்தவன், இப்ப ரிட்டயர்டு. உன் எஞ்சின் 4ஜி18. 76 மில்லி போர், 87.3 ஸ்ட்ரோக், 1,584 சிசி. நல்ல எஞ்சின், ஆனா வயசானா ஆயில் குடிக்கும், அது ஊரறிஞ்ச விஷயம். நீ கேஸ்கெட் வாங்க ஓடறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யி. பிசிவி வால்வ் (எஞ்சினுக்குள்ள சேர்ற கேஸ வெளிய விடற சின்ன வால்வ்) கழட்டி காதுகிட்ட வச்சு ஆட்டு. உள்ள டக் டக்னு சத்தம் வரணும். வரலேன்னா அடைச்சுக்கிட்டு இருக்கு. அடைச்சா என்ன ஆகும்னா பிஸ்டன் ஓரமா கீழ எறங்கற கேஸ் வெளிய போக வழி இல்லாம உள்ளயே அழுத்தம் ஏறும், அந்த அழுத்தம் எந்த சீல் வீக்கா இருக்கோ அந்த வழியா ஆயில வெளிய தள்ளும். நீ புது கேஸ்கெட் போடுவே, கொஞ்ச நாள்ல திரும்ப ஒழுகும், கேஸ்கெட் மட்டம்னு கடைக்காரன திட்டுவே. எத்தனையோ பேர் அப்படி வந்து என்கிட்ட கத்திருக்காங்க.

அடுத்தது புகை. நீலப்புகை எப்ப வருதுங்கறதுதான் கேள்வி. ராத்திரி பூரா நின்னு காலையில முதல் ஸ்டார்ட்ல மட்டும் வந்தா வால்வ் சீல், ராத்திரி ஆயில் சொட்டு சொட்டா எறங்கி இருக்கும். எக்ஸ்பிரஸ்வேல அழுத்தி மிதிக்கறப்ப தொடர்ந்து வந்தா பிஸ்டன் ரிங். ரொம்ப தூரம் கியர்லயே காலை எடுத்துட்டு எறங்கி, அப்புறம் மிதிக்கறப்ப புஸ்னு வந்தா அதுவும் வால்வ் பக்கம்தான். உனக்கு வால்வ் சீல்னு தோணுது, ஆனா தோணறத வச்சு காசு செலவு பண்ணாதே. கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள்ள அழுத்தம் அளக்கற மீட்டர்) ஒண்ணு வாங்கு, இல்ல கடன் வாங்கு. எஞ்சின் சூடா இருக்கணும், நாலு பிளக்கும் கழட்டணும், பெட்ரோல் பம்ப் ஃபியூஸ் எடுத்துடு, காயில் பிளக்க கழட்டிடு, ஒரு ஆள் ஆக்ஸிலரேட்டர முழுசா மிதிச்சுக்கிட்டு ஸ்டார்ட்டர் சுத்தணும். முள்ளு எங்க போய் நிக்குதுன்னு எழுதி வை. அப்புறம் ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு திரும்ப பாரு. ஆயில் விட்டதும் முள்ளு நல்லா ஏறுச்சுன்னா ரிங் தேஞ்சிருக்கு. ஏறலேன்னா ரிங் பிழைச்சுது.

பிளக் கழட்டறப்ப குழிக்குள்ள ஆயில் நிக்குதான்னு பாத்துக்க. நின்னா டியூப் சீலும் போச்சு, கவர் கேஸ்கெட்டோட சேத்து வாங்கு.

கணக்குப்பிள்ளை
எல்லாரும் கோவிச்சுக்காதீங்க. ஒண்ணரை வருஷம் ஓடப் போற வண்டிக்கு எக்ஸாஸ்ட், ரிம், ஸ்ப்ரிங்? கேட் ஏ (சின்ன கார்) சிஓஇ வெலை 2023லயே 1 லட்சம் வெள்ளியத் தாண்டியாச்சு. இந்த வண்டிய இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டணும்னா பிக்யூபில (சமீபத்து சிஓஇ வெலைகளோட சராசரி) பாதி கட்டணும், அந்த அஞ்சு முடிஞ்சா திரும்ப எடுக்க முடியாது, நேரா ஸ்கிராப். முதல் பத்து வருஷம் முடிஞ்சு ரினியூ பண்ணப்பவே பார்ஃப் (வண்டிய ஒப்படைச்சா திரும்பக் கெடைக்கற காசு) போச்சு. ரோடு டாக்ஸ் வேற, பத்து வருஷம் தாண்டின வண்டிக்கு வருஷா வருஷம் 10 விழுக்காடு ஏறி இப்ப உங்களுதுக்கு முழு 50 விழுக்காடு கூடுதல் ஓடிக்கிட்டு இருக்கும். நான் சொல்றது, ஒழுகறத மட்டும் நிறுத்து, ஓட்டு, சிஓஇ முடிஞ்சதும் கொண்டு போய் குடுத்துடு.

செம்பவாங்_சிஎஸ்3
@கணக்குப்பிள்ளை அண்ணே கணக்கு எனக்கும் தெரியும், சில பேர் கோல்ஃப் ஆடறாங்க, சில பேர் கேமரா லென்ஸ் வாங்கறாங்க, எனக்கு இது. திருப்பி வித்து லாபம் பாக்கறதுக்கு இத எடுக்கல.

@பழைய_இரும்பு அங்கிள் ரொம்ப நன்றி. பிசிவி பத்தி யாருமே சொன்னதில்ல. அத்தை வீடு ஈசூன்ல. அவங்க வீடு இல்ல, பக்கத்துல இருக்கற அவங்க ஃபிரெண்டு வீடுதான் லேண்டட், ஞாயித்துக்கிழமை மட்டும் போர்ச் தரேன்னு சொல்லிட்டாங்க, கார்ட்போர்டு விரிச்சு சுத்தமா செய்யணும்னு கண்டிஷன்.

மீனா_ஸ்விஃப்ட்
கார்ட்போர்டோட ஒரு ஆயில் ட்ரேயும் வாங்கிடுங்க. பழைய ஆயில அதே ஆயில் பாட்டில்ல திருப்பி ஊத்தி மூடி, தெரிஞ்ச ஒர்க்‌ஷாப்ல கேட்டுட்டு குடுத்துடுங்க, அவங்ககிட்ட லைசென்ஸ் உள்ள கலெக்டர் வந்து எடுத்துட்டுப் போவாங்க. குப்பைச் சூட்ல போட்டுடாதீங்க.

எக்ஸாஸ்ட் விஷயம்: எல்டிஏ (போக்குவரத்து ஆணையம்) அப்ரூவல் வேணும், சத்தம் புகை ரெண்டுக்கும் டெஸ்ட் ரிப்போர்ட்டோட. சர்டிஃபிகேட் இல்லாத மஃப்ளர் எவ்வளவு கம்மி வெலைக்குக் கெடைச்சாலும் தொடாதீங்க. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர எடுத்துட்டு வெறும் பைப் போடறது நினைக்கவே வேணாம். ரிம் பரவாயில்ல, ஃபெண்டருக்கு வெளிய துருத்தாம இருந்தா போதும். பத்து வருஷம் தாண்டின வண்டிக்கு வருஷா வருஷம் இன்ஸ்பெக்‌ஷன், உங்க மாமா டின்ட் கருப்பா அடிச்சிருந்தா அதையும் பாருங்க. முன் கண்ணாடியும் முன் பக்கக் கதவும் 70 விழுக்காடு வெளிச்சம் விடணும், பின்னாடி 25 போதும். வெயிலுக்குப் பயந்து முன்னாடியும் கருப்பு அடிச்சிட்டு இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு உரிச்சிக்கிட்டு நிக்கறவங்க நெறைய பேர்.

ஜேபி_வாரம்
சரி, வேலை நீயே செய். சாமானாவது அங்க வாங்கு. 4ஜி18-னா பழைய புரோட்டான் வாஜா எஞ்சின் அதேதான். ஜேபில எந்த சந்துக்குள்ள போனாலும் கேஸ்கெட், சீல், மவுண்டிங் எல்லாம் கெடைக்கும். லான்சர்னு கேக்காதே, வாஜான்னு கேளு, வெலையே மாறும் 😂

பழைய_இரும்பு
அவரு சொல்றது சரி, ஆனா ஒரு எச்சரிக்கை. வாஜா பின்னாடி கேம்ப்ரோ எஞ்சினோட வந்துச்சு, அது முழுக்க வேற. வாஜா கேஸ்கெட்னு மட்டும் கேட்டா கடைக்காரன் கையில கெடைக்கறத எடுத்துக் குடுப்பான். 4ஜி18-னு சொல்லு, பழசையும் கையோட எடுத்துட்டுப் போயி மேல வச்சுப் பாத்து வாங்கு. இங்க வாங்கறதா இருந்தா ஜாலான் புசார் பக்கம் சாமான் கடைகள்ல கேளு, லாக் கார்டு (வண்டிப் பதிவு விவரம்) பிரிண்ட் எடுத்துட்டுப் போ, சேசிஸ் நம்பர் இல்லாம வாயால சொன்னா பாதி நேரம் தப்பு சாமான்தான் வரும்.

டைமிங் பெல்ட் எப்ப மாத்தினதுன்னு மாமாகிட்ட கேட்டியா? இதுக்கு செயின் இல்ல, பெல்ட். 90,000 கிலோமீட்டர்ல மாத்தணும். அறுந்தா பிஸ்டனும் வால்வும் மோதிக்கும், அப்புறம் ஒழுகறதப் பத்தி கவலைப்படத் தேவையே இருக்காது. ரசீது இல்லேன்னா மாத்தலன்னு வச்சுக்க. மாத்தறப்ப டென்ஷனரையும் சேத்து மாத்து, வாட்டர் பம்ப்பையும் ஒரு கண் பாரு. உன் லிஸ்ட்ல இதுதான் முதல்ல வரணும், எக்ஸாஸ்ட் இல்ல.

புதுசா_வந்தவன்
எனக்கும் இதே மாதிரி புகை. எஞ்சின் ஃப்ளஷ், அப்புறம் புகை நிறுத்தற ஆயில்னு ஆன்லைன்ல விக்கறாங்களே, ஊத்தினா நிக்குமா?

பழைய_இரும்பு
கெட்டியா இருக்கற ஆயில் அது. கொஞ்ச நாளைக்கு புகைய மறைக்கும். விக்கப் போறவன் ஊத்துவான், வச்சுக்கறவன் ஊத்த மாட்டான்.

செம்பவாங்_சிஎஸ்3
அப்டேட் மக்களே. போர்ச்ல முதல் நாள் முடிஞ்சுது, ஃபிரெண்டு ஒருத்தன் உதவிக்கு வந்தான்.

பிசிவி: ஆட்டினா சத்தமே இல்ல, கல்லு மாதிரி. ஓஸுக்குள்ள கறுப்பா தார் மாதிரி அடைச்சு இருந்துச்சு. அங்கிள் சொன்னது அப்படியே. புதுசு போட்டாச்சு, ஓஸும் புதுசு. டாப்பட் கவர் கழட்டினா பழைய கேஸ்கெட் ரப்பர் பிளாஸ்டிக் ஆயிடுச்சு, உடைச்சு உடைச்சுத்தான் எடுத்தேன். ரெண்டாவது மூணாவது பிளக் குழியில ஆயில், டியூப் சீலும் மாத்தியாச்சு. கவர் தேய்க்கத்தான் ரொம்ப நேரம் ஆச்சு, பழைய சிலிகான் எவனோ வாரி பூசி வச்சிருக்கான்.

கம்ப்ரஷன்: 178, 175, 180, 172. ஆயில் விட்டப்புறம் நாலுமே கொஞ்சூண்டுதான் ஏறுச்சு, அஞ்சாறு பிஎஸ்ஐ. இது நல்லதா கெட்டதா?

பெல்ட் பத்தி மாமாக்கு ஞாபகமே இல்ல. மாத்திடறேன், ஆனா அது ஒர்க்‌ஷாப்லதான், அதுக்கு எனக்கு இன்னும் தைரியம் வரல.

பழைய_இரும்பு
நல்லது தம்பி, ரொம்ப நல்லது. நாலுக்கும் நடுவுல பெரிய வித்தியாசம் இல்ல, ஆயிலுக்கும் ஏறல. கீழ் பாதிக்கு ஒண்ணும் ஆகல, எஞ்சின எறக்கத் தேவையில்ல. வால்வ் சீல்தான்.

கவர் போல்ட்ட முறுக்கித் தள்ளிடலயே? ரப்பர் கேஸ்கெட்டுக்கு பலம் வேணாம். நடுவுலேர்ந்து வெளிப்பக்கமா கொஞ்சம் கொஞ்சமா, மேனுவல்ல போட்டிருக்கற டார்க் எவ்வளவோ அவ்வளவுதான். அதிகமா இறுக்கினா ரப்பர் பிதுங்கி திரும்ப ஒழுகும், சில சமயம் போல்ட்டே கையோட வந்துடும்.

வால்வ் சீலுக்கு ஹெட் எறக்க வேண்டியதில்ல. பெல்ட் மாத்தறப்பவே சேத்து செய்யச் சொல்லு, எப்படியும் கேம் பக்கம் கை வைக்கறாங்க, கூலி மிச்சம். ராக்கர் கழட்டிட்டு, வால்வ் கீழ விழாம இருக்க பிளக் ஓட்டை வழியா காத்து அடிச்சுப் பிடிக்கலாம். கம்ப்ரஸர் இல்லாத காலத்துல நாங்க நைலான் கயிற உள்ள விட்டுட்டு கிராங்க கையால மெதுவா சுத்துவோம், பிஸ்டன் ஏறி கயிற அழுத்தி வால்வ மூடிப் பிடிச்சுக்கும். கயித்து நுனி வெளிய நிக்கணும், அதுதான் முக்கியம். அப்புறம் ஸ்ப்ரிங் அமுக்கி பழைய சீல பிடுங்கி புதுசு தட்டி உக்கார வச்சுடலாம்.

கணக்குப்பிள்ளை
அங்கிள் ஒரு நிமிஷம். காலையில ஒரு தரம் புகையற வண்டிக்கு வால்வ் சீல் வேலை எதுக்கு? ஒரு லிட்டர் ஆயில் டிக்கில வச்சுக்கிட்டு டாப்-அப் பண்ணி ஓட்டினா ஒண்ணரை வருஷம் ஓடிடாதா?

பழைய_இரும்பு
ஓடும். பொய் சொல்ல மாட்டேன், காசு மட்டும் பாத்தா நீங்க சொல்றதுதான் சரி. வாடிக்கையாளரா வந்திருந்தா நானும் அதையே சொல்லி அனுப்பிருப்பேன்.

மீனா_ஸ்விஃப்ட்
எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஆயில் எரிஞ்சு எரிஞ்சு கன்வெர்ட்டர்லயும் ஆக்ஸிஜன் சென்சார்லயும் படியும், அடுத்த இன்ஸ்பெக்‌ஷன்ல புகை டெஸ்ட்ல மாட்டினா கன்வெர்ட்டர் வெலை சீல் வெலைக்கு எத்தனை மடங்குன்னு தெரியும்தானே. அதுவும் பெல்ட்டுக்காக எப்படியும் திறக்கறப்ப செய்யாம விடறது கஞ்சத்தனம். பெல்ட் வேணாம்னு யாரும் சொல்லல பாருங்க.

கணக்குப்பிள்ளை
பெல்ட்டுக்கு நான் எதிரி இல்லம்மா. அது உயிர்ப் பிரச்சனை. எக்ஸாஸ்ட்டுக்குத்தான் எதிரி.

செம்பவாங்_சிஎஸ்3
எக்ஸாஸ்ட்ட லிஸ்ட்லேர்ந்து தூக்கியாச்சு, சந்தோஷமா 😅 எறக்கறதையும் விட்டாச்சு, எங்க புளோக் கார்பார்க் ராம்ப்ல இப்பவே முன் பம்பர் உரசற மாதிரிதான் ஏறுது. பெல்ட், டென்ஷனர், வால்வ் சீல் மூணும் ஒரே நாள்ல காக்கி புக்கிட்ல ஒருத்தர்கிட்ட பேசிட்டேன், சாமான் நான் கொண்டு வர்றேன், பக்கத்துல நின்னு பாக்க விடணும்னு கேட்டேன், சிரிச்சிக்கிட்டே சரின்னாரு.

இப்ப பிரேக். சக்கரம் கழட்டிப் பாத்தா இடது பக்கம் உள் பேட் காகிதம் மாதிரி தேஞ்சு கெடக்கு, வெளிப் பேட்ல பாதிக்கு மேல பாக்கி. பேட் மட்டும் மாத்தினா போதுமா?

மீனா_ஸ்விஃப்ட்
போதாது. உள்ள ஒரு மாதிரி வெளிய ஒரு மாதிரி தேஞ்சா காலிப்பர் ஸ்லைடு பின் சிக்கிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். ஒரு பக்கம் மட்டுமே பிஸ்டன் தள்ளுது, பின் வழுக்கினாத்தான் காலிப்பர் நகந்து வெளிப் பேடையும் இழுத்துப் பிடிக்கும். பின்ன வெளிய எடுங்க, துரு இருந்தா மெல்லிசு எமரி பேப்பர்ல தேய்ங்க, குழிய பிரேக் கிளீனர் போட்டுக் கழுவுங்க, பிரேக்குக்குன்னு இருக்கற சிலிகான் கிரீஸ் போடுங்க. சாதாரண கிரீஸ் போட்டா ரப்பர் பூட் ஊதிப் போய் திரும்ப சிக்கும். பூட் கிழிஞ்சிருந்தா மாத்துங்க, சில்லறைக் காசு. பின் நல்லா வந்தும் பிஸ்டன் உள்ள போக மாட்டேங்குதுன்னா காலிப்பர் ரிப்பேர் கிட் தேவைப்படும்.

பேட் ரெண்டு பக்கமும் ஜோடியா மாத்தணும், இடது மட்டும் மாத்திடாதீங்க. டிஸ்க் தடிமன் அளந்து பாருங்க, அதோட குறைஞ்ச அளவு டிஸ்க்லயே பொறிச்சிருக்கும். காலிப்பர ஓஸ்ல தொங்க விடாதீங்க, கம்பி போட்டு ஸ்ப்ரிங்ல கட்டுங்க. பிஸ்டன உள்ள தள்றப்ப மேல ஃப்ளூயிட் டேங்க் வழியும், பெயிண்ட்ல பட்டா உரிஞ்சு வந்துடும், துணி சுத்தி வைங்க. டாட் 4 ஃப்ளூயிட் ஈரத்த இழுக்கும், நம்ம ஊர் காத்துக்கு சொல்லவே வேணாம், திறந்து வச்ச பழைய பாட்டில ஊத்தாதீங்க. முடிச்சதும் வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி பெடல் கெட்டியாகற வரைக்கும் மிதிக்கணும், முதல் மிதி அப்படியே தரைக்குப் போகும். போர்ச்லேர்ந்து ரோட்டுக்கு எறங்கறப்ப அது தெரிஞ்சா லேட்டு.

ஜேபி_வாரம்
சிஸ் நீங்க ஒர்க்‌ஷாப் வச்சா நான் ஜேபி போறத விட்டுடறேன்.

பழைய_இரும்பு
வீல் நட்ட குறுக்கு வரிசையில இறுக்கு, 88லேர்ந்து 108 நியூட்டன் மீட்டர். ஸ்பேனர் மேல ஏறி நின்னு குதிக்காதே. கொஞ்சம் ஓட்டிட்டு திரும்ப ஒரு தரம் செக் பண்ணு.

அந்த கடக் முடக் சத்தத்துக்கு ஷாக் வாங்கிடாதே. ஸ்டெபிலைசர் லிங்க் பால் ஜாயிண்ட்ட கையால பிடிச்சு ஆட்டிப் பாரு, லூஸா இருக்கும்னு நினைக்கறேன். அதுல இல்லேன்னா லோயர் ஆர்ம் புஷ், லீவர் போட்டு நெம்பினா வெடிப்பு தெரியும்.

செம்பவாங்_சிஎஸ்3
லிங்க்தான் அங்கிள்! வலது பக்கம் கையாலயே ஆடுது. ரெண்டும் ஆர்டர் பண்ணியாச்சு. பிரேக் பின் ரெண்டுல ஒண்ணு சுத்தியால தட்டித்தான் வெளிய வந்துச்சு, மீனா அக்கா சொன்ன மாதிரியே துரு. பிசிவி மாத்தினதுலேர்ந்து ஆயில் நாத்தம் இல்ல, அடியில வச்ச கார்ட்போர்டு காஞ்சு கெடக்கு. காலைப் புகை மட்டும் அப்படியே, அது காக்கி புக்கிட் போய் வந்தப்புறம் சொல்றேன்.

ஒரு கேள்வி, கடன் வாங்கின ஸ்டாண்டு ஃபிரெண்டுக்கு திருப்பிக் குடுக்கணும். யார்கிட்டயாவது 3 டன் ஸ்டாண்டு ஜோடி பழசு விக்கறதுக்கு இருக்கா?

பழைய_இரும்பு
என்கிட்ட இருக்கு, சும்மா தூசி படிஞ்சு கெடக்கு. காசு வேணாம். வந்து எடுத்துக்க, வர்றப்ப வண்டியிலயே வா, எஞ்சின் சத்தம் ஒரு தரம் கேக்கணும்.

கணக்குப்பிள்ளை
பெல்ட் மாத்தினப்புறம் போ தம்பி.